மாஸ்டர் கையில் உறை, கல்லாவில் அதே கை

கேள்வி: கடலூர் திருப்பாப்புலியூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். காலையில் இட்லி, பொங்கல், வடை. சாயங்காலம் பரோட்டாவும் மீன் வறுவலும். நான், என் அம்மா, மாஸ்டர், சப்ளைக்கு இரண்டு பையன்கள், பாத்திரம் கழுவ ஒரு அக்கா. மாஸ்டர் வெறும் கையால் பரோட்டா அடிப்பதைப் போன மாதம் ஒருவர் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். அன்றைக்கே நூறு கையுறை உள்ள டப்பா நாலு வாங்கினேன். இப்போது பிரச்சினை வேறு மாதிரி. மாஸ்டர் "கல்லுகிட்ட போனா உருகுதுண்ணே" என்கிறார். பையன்கள் காலையில் போட்ட உறையை மத்தியானம்தான் கழற்றுகிறார்கள். அம்மாவோ "நாப்பது வருஷமா கையாலதான் பிசையறேன், யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறார். கையுறை கட்டாயமா, இல்லையா? எங்கள் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைப்பதே இல்லை. சானிடைசர் வைத்தால் போதுமா? மாஸ்டருக்கு விரலில் வெட்டுக்காயம் வேறு. உறை போட்டுக்கொண்டு அவர் வேலை செய்யலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பாப்புலியூர்

அன்புள்ள நண்பருக்கு,

பையன்கள் உறையை மத்தியானம்தான் கழற்றுகிறார்கள் என்பதை நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்குப் பதில் சொல்வது சுலபம். உணவகங்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுக்கப் போகும்போது நான் பார்க்கிற முதலாளிகளில் பாதிப்பேர், டப்பா வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள்.

கட்டாயமா என்பதை முதலில் முடித்துவிடுவோம். உணவு பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்கீழ் 2011-இல் வந்த உரிமம், பதிவு விதிமுறைகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு. உங்களைப் போலப் பதிவுச் சான்றிதழ் வைத்து நடத்தும் சிறு கடைகளுக்கான பகுதியில், தயாரிப்பு வேலையில் இருப்பவர்கள் சுத்தமான ஏப்ரன், கையுறை, தலையுறை பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் "கையுறையே தேவையில்லை சார்" என்று வாதாட வேண்டாம். ஆனால் அதே பக்கத்தில் வேறு சிலவும் இருக்கின்றன, அவற்றை யாரும் வீடியோ எடுப்பதில்லை. நகம் வெட்டியிருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பும், கழிப்பறை போய்வந்த ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெட்டுக்காயம் எப்போதும் மூடியிருக்க வேண்டும், காயம்பட்டவர் உணவை நேரடியாகத் தொடக்கூடாது. கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்று எந்த வரியிலும் இல்லை. அமெரிக்காவின் மாதிரி உணவு விதித்தொகுப்பு, அப்படியே சாப்பிடத் தயாரான உணவை வெறும் கையால் தொடாதே என்கிறது. பிரிட்டனில் கையுறை கட்டாயமில்லை, நன்றாகக் கழுவிய கை போதும் என்று விட்டிருக்கிறார்கள். கை கழுவுவதை மட்டும் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில், டீயை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, பார்சல் கட்டும் பையனின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று புதுக் கையுறை. இட்லியை எடுத்தான். சட்னிப் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டான். ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கிக் கல்லாவில் கொடுத்துச் சில்லறை வாங்கி நீட்டினான். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தான். போன் அடித்தது, பாக்கெட்டிலிருந்து எடுத்து "அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான். தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தான். மறுபடி இட்லி. என் டீ ஆறுவதற்குள் அந்த உறை தொட்ட பொருட்கள் பதினேழு. நடுவில் ஒரு தடவைகூட மாற்றவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. "இதைப் போட்டுக்க" என்று சொன்னவர்கள், எப்போது கழற்ற வேண்டும் என்று சொல்லவில்லை.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். பலாப்பழம் அறுக்கிறவரும் பால் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிக்கொள்வார். அங்கெல்லாம் காப்பாற்ற வேண்டியது கையை. டிபன் கடையில் காப்பாற்ற வேண்டியது சாப்பாட்டை, அதுவும் நம் கையிடமிருந்தே. ஆனால் உறையை மாட்டிய நிமிஷத்திலிருந்து நம் ஆட்கள் முந்திரிக்காரர் மாதிரிதான் நினைக்கிறார்கள்: என் கையில் அழுக்குப் படாது, அதனால் எதையும் தொடலாம்.

வெறும் கையில் மாவு ஒட்டினால் பிசுபிசுக்கிறது, மீன் கவிச்சி மூக்கில் ஏறுகிறது, தானாகவே குழாயைத் தேடுகிறோம். உறைக்குள் இருக்கும் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை. உள்ளே வேறு வியர்த்துக் கசகசவென்று இருக்கும். கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. உகந்த சூழல் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். அந்தக் கணக்கில் ஒன்றே ஒன்று 4 மணி நேரத்தில் 4,096. பையன்கள் காலையில் மாட்டி மத்தியானம் கழற்றுகிறார்கள் என்றால், நடுவில் எங்காவது ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால்கூட உள்ளே ஊறியதெல்லாம் நேராகச் சட்னியில் இறங்கும்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அம்மா கையால் செய்வதில் பெரும்பகுதி அடுப்பில் ஏறுவதற்கு முந்தைய வேலை. இட்லி மாவு கரைப்பது, வடை தட்டுவது, பரோட்டா மாவு பிசைவது எல்லாமே பிறகு நெருப்பைப் பார்க்கின்றன. கழுவிய கையால் செய்தால் மிச்சம் மீதி இருப்பதை ஆவியும் எண்ணெயும் பார்த்துக்கொள்ளும். உங்கள் கடையை மனசுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: நெருப்புக்கு முந்தைய கை, நெருப்புக்குப் பிந்தைய கை. வெந்த இட்லியைத் தட்டிலிருந்து எடுக்கும் கை, வடையைப் பார்சலில் போடும் கை, தேங்காய்ச் சட்னி அரைத்து வழிக்கும் கை, மீன் வறுவலுக்கு வெங்காயம் நறுக்கித் தூவும் கை, இலை துடைக்கும் கை ஆகியவைதான் பிந்தையவை. இவற்றுக்கும் வாடிக்கையாளரின் வாய்க்கும் நடுவில் வேறு காவல் எதுவும் இல்லை. கவலைப்பட வேண்டியது இந்த இடத்தில்தான்.

நியூயார்க்கில் மேரி மாலன் என்று ஒரு சமையல்காரப் பெண் இருந்தார். 1906-இல் லாங் ஐலண்டில் அவர் வேலை செய்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. மேரிக்கு ஒரு நோயும் இல்லை, ஆரோக்கியமாக இருந்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் உடம்பிலேயே டைபாய்டு கிருமி குடியிருந்தது. விசாரித்தவர்களுக்கு ஒரு குழப்பம்: சமைத்த உணவில் கிருமி செத்திருக்குமே, எப்படிப் பரவியது? கடைசியில் சந்தேகம் விழுந்தது பீச் பழத்தைப் பச்சையாக நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீமின்மேல். நெருப்பைப் பார்க்காத ஒரே பலகாரம். தனிமையில் வைக்கப்பட்டு, இனிமேல் சமையல் வேலைக்குப் போக மாட்டேன் என்று எழுதிக்கொடுத்து 1910-இல் வெளியே வந்தார். 1915-இல் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேறு பெயரில் வேலை செய்துகொண்டிருந்தபோது மறுபடி பிடிபட்டார். 1938-இல் சாகும்வரை தனிமைதான். பாவம், வேறு தொழில் தெரியாத பெண். டைபாய்டு வந்து குணமானவர்களில் நூற்றுக்குச் சிலர் இப்படி வெளியே தெரியாமல் கிருமியைச் சுமப்பார்கள். நான்காம் அட்டவணை வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு வகைத் தடுப்பூசியும் கேட்பதற்கு இதுதான் காரணம். பரிசோதனை செய்யாமல் சான்றிதழ் மட்டும் வாங்கி மாட்டுகிற பழக்கம் ஊருக்குள் இருக்கிறது. அதை நீங்கள் செய்யாதீர்கள்.

இந்தப் பிரிவினையில் சிக்கலான ஆள் உங்கள் பரோட்டா மாஸ்டர்தான். பிசைவது, உருட்டுவது, வீசுவது எல்லாம் நெருப்புக்கு முன். ஆனால் கல்லிலிருந்து எடுத்து நாலைந்தை அடுக்கி, இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடித்து உதிர்க்கிறாரே, அது நெருப்புக்குப் பின். வீடியோ எடுத்தவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ சரியான இடத்தைத்தான் எடுத்திருக்கிறார். கையுறை உருகும் என்று மாஸ்டர் சொல்வதும் சரி. நீங்கள் வாங்கியது சரசரவென்று இருக்கும் பாலித்தீன் உறையாகத்தான் இருக்கும். அது 110, 130 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடும், பரோட்டாக் கல் அதைவிட எவ்வளவோ சூடு. உருகிய பிளாஸ்டிக் கையில் ஒட்டிக்கொண்டால் சாதாரணச் சூட்டுக்காயத்தைவிட மோசம். கல்லின் முன்னால் நிற்பவருக்கு உறை வேண்டாம் என்பதுதான் என் முடிவு. அலுவலர் கேட்டாலும் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, துவைத்துக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைத்த வெள்ளைத் துணி ஆறேழு வைத்துக்கொண்டு, இரண்டு துணிக்கு நடுவில் பரோட்டாவை வைத்து அடிக்கலாம். சில கடைகளில் பார்த்திருக்கிறேன், பரோட்டா நன்றாகவே உதிர்கிறது. துணி ஈரமானால், எண்ணெய் ஏறினால் மாற்ற வேண்டும். ஒரே துணியை ராத்திரி வரை ஓட்டினால் பழைய கதைதான்.

மாஸ்டரின் தோளில் ஒரு துண்டு கிடக்குமே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகம் துடைக்க, கல் துடைக்க, கழுவிய கையைத் துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். இருபது வினாடி சோப்புப் போட்டுக் கழுவிய கையை அந்தத் துண்டில் துடைப்பதற்குக் கழுவாமலே இருக்கலாம். முகத்துக்கு ஒன்று, அவர் தோளிலேயே கிடக்கட்டும். கைக்குத் தனியாக, குழாய்ப் பக்கத்தில் ஆணியில் மாட்டிய சின்னத் துண்டுகள், அல்லது டிஷ்யூ. கல்லுக்கு வேறு நிறத்தில். மேஜை துடைக்கும் துணியை நாள் முழுக்க ஈரமாகவே வைத்திருக்காதீர்கள். பாத்திரம் கழுவும் அக்காவிடம் கொடுத்து, இரண்டரை லிட்டர் தண்ணீரில் 5 மில்லி ப்ளீச்சிங் திரவம் (5 சதவீதச் செறிவு உள்ளது) கலந்து நனைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

மீனுக்கு வருவோம். முதுநகர் துறைமுகத்திலிருந்து வரும் மீனை நீங்களே ஆய்ந்து மசாலா தடவுவதாக இருந்தால், உறை நல்ல பயன் தரும் இடம் அது. தடவி முடித்ததும் உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. பச்சைக்கோழிக்கும் இதே. எல்லோரும் மறந்துவிடும் ஒன்று முட்டை. மாஸ்டர் கொத்து பரோட்டாவுக்கு டக் டக்கென்று இரண்டு முட்டை உடைப்பார், ஓட்டை எறிந்த அதே விரலால் பக்கத்தில் இருக்கும் வெந்த பரோட்டாவைப் பிய்த்துப் போடுவார். ஓட்டின்மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். முட்டையைச் சப்ளைப் பையன் ஒருவன் ஒரு கிண்ணத்தில் முன்கூட்டியே உடைத்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவட்டும்.

பார்சல் கட்டும் இடத்தில் இரண்டு கெட்ட பழக்கங்கள் நம் ஊரில் அநேகமாக எல்லாக் கடையிலும் உண்டு. ஒன்று, கவரைத் திறக்க வாயால் உள்ளே ஊதுவது. இன்னொன்று, தாளோ இலையோ எடுக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்வது. கையில் விலை உயர்ந்த நைட்ரைல் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) உறை மாட்டியிருந்தும் விரலை நாக்கில் வைப்பவரைப் பார்த்திருக்கிறேன். ஈரத் துணியோ, கல்லாவில் இருக்குமே ஈரப் பஞ்சு டப்பா, அதில் ஒன்றோ வைத்தால் விரல் நாக்குக்குப் போகாது.

ஆகவே, சட்டம் பொதுவாகச் சொன்னாலும், என் கணக்கில் உங்கள் கடையில் கையுறை உண்மையில் பயன் தருவது மூன்று இடத்தில்தான்: பார்சல், சட்னியும் பச்சை வெங்காயமும் பார்க்கும் இடம், பச்சை மீன். மற்ற இடத்தில் இடுக்கி, கரண்டி, தோசைத் திருப்பி. வடைக்கு இடுக்கி வைத்துவிட்டால் உறைச் செலவு பாதியாகிவிடும். கல்லாவில் உட்காருபவர் சாப்பாட்டைத் தொடவே கூடாது. நீங்கள்தான் கல்லா என்றால் கூட்ட நேரத்தில் "இருடா நான் எடுத்துப் போடறேன்" என்று எழுந்து வராதீர்கள். இப்போது பாதிப்பேர் கியூஆர் கோடில் கட்டிவிடுவதால் நோட்டு கை மாறுவது குறைந்திருக்கிறது. ஆனால் பணம் வந்ததா என்று பார்க்க போனைத் தடவுகிறோம், அதுவும் நோட்டைவிடச் சுத்தமானது அல்ல. ஒலிபெருக்கிப் பெட்டி வைத்துவிட்டால் போனைத் தொட வேண்டியதில்லை.

எப்போது மாற்றுவது? கிழிந்தால் உடனே. பச்சையிலிருந்து வெந்ததுக்குப் போகும்போது. முகம், தலை, போன், பணம், குப்பை என்று வேறு எதைத் தொட்டாலும். ஒன்றுமே தொடாமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் 4 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போடும் முன்பும் கழற்றிய பின்பும் கை கழுவ வேண்டும். உறையோடு கையைக் கழுவி மறுபடி பயன்படுத்தக்கூடாது. விரல் நுழைய வசதியாக உள்ளே ஊதவும் கூடாது, அது கவரை ஊதுவது மாதிரிதான். கை ஈரமாக இருந்தால்தான் உறை ஏறாமல் அடம்பிடிக்கும், துடைத்துவிட்டுப் போட்டால் சுலபமாக ஏறும்.

இனி கை கழுவுதல். இதில் சொல்லிக்கொடுத்துப் புரியாததை மஞ்சள் தூள் புரியவைத்துவிடும். நான் பயிற்சிக்குப் போகும் இடத்தில் எல்லாம் செய்வது இது: ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்து ஆளின் இரண்டு கையிலும் தடவுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகக் கழுவுவது மாதிரி சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் கட்டைவிரலின் முதுகு, விரல் இடுக்கு, நகக்கண் மூன்றிலும் மஞ்சள் அப்படியே இருக்கும். உள்ளங்கைதான் சுத்தமாகியிருக்கும், ஏனென்றால் எல்லோரும் உள்ளங்கையைத்தான் தேய்க்கிறார்கள். ஒரு மாஸ்டர் மூன்று தடவை கழுவியும் நகக்கண் மஞ்சள் போகாமல், தானே போய் நகவெட்டி வாங்கிவந்தார். உறை போட்டவர்களுக்கும் இதையே வேறு மாதிரி செய்யலாம். உறையின் விரல் நுனியில் மஞ்சளைத் தடவிவிட்டு ஒரு கால் மணி நேரம் வேலை செய்யச் சொல்லிவிட்டுப் பிறகு கல்லா, போன், ஃபிரிட்ஜ் கைப்பிடி எல்லாவற்றையும் பாருங்கள். கடை மூடிய பிறகு செய்யுங்கள், இல்லாவிட்டால் அதையும் யாராவது வீடியோ எடுப்பார்கள்.

தேய்க்க வேண்டிய நேரம் 20 வினாடி. அ முதல் ஔ வரை பன்னிரண்டு எழுத்தையும் நிதானமாக இரண்டு தடவை சொன்னால் சரியாக இருக்கும். வெந்நீர் தேவையில்லை, பச்சைத் தண்ணீரே போதும். மோதிரம், வாட்ச் வேலை நேரத்தில் கழற்றி வைக்க வேண்டும். அப்புறம் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிறு. பரோட்டா மாவும் எண்ணெயும் ஏறி, கருப்பா சிவப்பா என்றே தெரியாமல் கிடக்கும். சாமி விஷயம், கழற்று என்று சொன்னால் மனசு சங்கடப்படும். "மேல் கையில் கட்டிக்கப்பா" என்று சொல்லிப் பாருங்கள், யாரும் மறுப்பதில்லை.

உப்புத் தண்ணீர் கடலோரத்தில் எல்லாருக்கும் இருக்கிற தலைவலி. கட்டி சோப்பு அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து திரிந்துபோகும், அதனால்தான் நுரைக்காமல் வெள்ளையாகப் படிகிறது. கைகழுவும் திரவங்களில் பெரும்பாலானவை வேறு வகை நுரைப்பான்களால் ஆனவை, உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். அதற்கு மாறுங்கள். பாட்டிலில் பாதி தீர்ந்ததும் மேலேயே ஊற்றி நிரப்பாமல், காலியானதும் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். சோப்புத் திரவத்திலும் கிருமி வளரும். குழாய் வைத்த 20 லிட்டர் கேன் ஒன்றைக் கை கழுவ மட்டும் ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவைக்கு அரை லிட்டர் என்று வைத்தாலும் ஒரு கேனில் நாற்பது தடவை கழுவலாம்.

சானிடைசர் இதற்கு மாற்று அல்ல. எண்ணெயும் மாவும் ஒட்டிய கையில் அது வேலை செய்வதில்லை. வாந்தி பேதி பரப்பும் நோரோ வைரஸை ஆல்கஹால் சரியாகக் கொல்வதும் இல்லை. கழுவிய கைக்குமேல் கூடுதலாகப் பூசிக்கொள்ளலாம், அவ்வளவுதான். முக்கியமாக, அது தீப்பிடிக்கும். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் அந்த பாட்டில் இருக்கவே கூடாது. ஈரம் உலராத கையோடு அடுப்புக்கும் போகக்கூடாது.

வெட்டுக்காயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நெருப்புக்கு முந்தைய கை பரவாயில்லை என்று மேலே சொன்னேன், இந்த ஒரு விஷயத்தில் அது செல்லாது. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே இருக்கும், சீழ் வைத்த காயத்தில் கூட்டமாக இருக்கும். அது மாவில் இறங்கி, மாவு மணிக்கணக்கில் ஊறும்போது ஒரு நச்சை உண்டாக்கும். கல்லில் போட்டால் கிருமி சாகும், நச்சு சாகாது. கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டவர்களுக்கு அரைமணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கும். ஆகவே காயம் சிவந்து, வீங்கி, சீழ் இருந்தால் மாஸ்டர் மாவிலோ சமைத்த உணவிலோ கை வைக்கக்கூடாது, உறை போட்டாலும் கூடாது. டாக்டரிடம் காட்டட்டும். ஆறுகிற, சுத்தமான சின்ன வெட்டு என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்டர், அதன்மேல் அந்த ஒரு விரலுக்கான உறை அல்லது கையுறை. பிளாஸ்டர் நீல நிறத்தில் கிடைத்தால் வாங்குங்கள். தோல் நிறப் பிளாஸ்டர் கழன்று மாவில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது, நீல நிறத்தில் சமையல் பொருள் அநேகமாகக் கிடையாது. மாவு பிசையும் வேலையை இரண்டு நாள் அம்மாவிடம் கொடுத்துவிடலாமே, சந்தோஷப்படுவார்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ள ஆள், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சாப்பாட்டைத் தொடக்கூடாது. இங்கே நாள்கூலிப் பிரச்சினை வரும். வராத நாளுக்குக் கூலி இல்லை என்றால், ராத்திரி முழுக்கக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்த பையன் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து இட்லி எடுத்து வைப்பான், உங்களிடம் மூச்சு விடமாட்டான். அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். நாலு டப்பா கையுறையைவிட அதில் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அதிகம். படுக்க வேண்டிய அளவுக்கு இல்லை என்றால் மேஜை துடைப்பதிலும் விடாதீர்கள், சாப்பாட்டோடும் தண்ணீரோடும் சம்பந்தமில்லாத வெளி வேலை ஏதாவது கொடுங்கள்.

கையுறை வாங்குவதைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பார்சலுக்கு இப்போது இருக்கும் பாலித்தீன் உறையே போதும், வேலை மாறும்போது கழற்றிப் போட அதுதான் சௌகரியம். மீனுக்கும் சட்னிக்கும் உணவுப் பயன்பாட்டுக்கானது என்று அச்சிட்ட, பவுடர் இல்லாத நைட்ரைல், முடிந்தால் நீல நிறம். லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) வேண்டாம். அதன் புரதம் உணவில் ஒட்டி, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தொல்லை கொடுக்கும் என்பதால் அமெரிக்காவில் கலிபோர்னியா உட்படச் சில மாநிலங்கள் உணவகங்களில் அதைத் தடை செய்திருக்கின்றன. எண்ணெய்ப் பலகாரத்துக்கு வினைல் (ஒரு வகை பிளாஸ்டிக்) உறையும் வேண்டாம், அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் எண்ணெயில் இறங்கும். மாஸ்டர் கை அளவுக்கு ஒரு டப்பா, பையன்கள் அளவுக்கு ஒரு டப்பா என்று வாங்குங்கள். சின்னக் கையில் பெரிய உறை தொளதொளவென்று தொங்கி, நுனி சாம்பாரில் நனையும். டப்பாவை அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்காமல் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். குழாயைத் தாண்டித்தான் உறையை எடுக்க முடியும் என்று இருந்தால், பையன்களிடம் தினமும் கத்த வேண்டியிருக்காது.